சிமிட்டாத சிவப்பு விளக்கு

அந்த விளக்கு சிமிட்டவில்லை என்பதை முதலில் கவனித்தது நான் இல்லை. அது இருந்த கம்ப்யூட்டர் மிஷினுக்குப் பொறுப்பு நான்தான், சம்பளம் வாங்கியதும் நான்தான். ஆனால் கவனித்தது எங்கள் அறையில் கார்டு பார்த்து டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்.

"சார், டிஸ்க்குப் பெட்டில ஒரு செவப்பு லைட்டு இருக்குதே, முன்னல்லாம் அரை நிமிஷத்துக்கு ஒருவாட்டி மினுக்கு மினுக்குனு அடிக்கும். இப்ப சும்மாவே இருக்குது. இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

"நீ கார்டைப் போடும்மா. லைட்ட நான் பாத்துக்கறேன்" என்றேன். வெடுக்கென்றுதான் சொன்னேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, மூக்கின் மேல் கோபம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. அன்று தெரிந்ததையே சொல்லவில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. ஆம்பூரில் ஒரு டேனரி. காம்பவுண்டின் ஒரு பக்கம் தோல் பதனிடும் டிரம்கள் உருளும், இன்னொரு பக்கம் ஷூவுக்கு மேல்பாகம் வெட்டித் தைக்கும் ஷெட். நடுவில் மாடியில் ஒரே ஒரு ஏ.சி. அறை, அதில் கம்ப்யூட்டர். மேனேஜரே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். வேலூரில் பள்ளிக்கூட வாத்தியார் மகன் நான். பி.எஸ்ஸி. கணக்கும், சென்னையில் மூன்று வாரப் பயிற்சியும்தான் என் சரக்கு. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆம்பூருக்கு அன்று நான் கம்ப்யூட்டர் சார்.

அவள் அப்பா அதே டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் போக்கும் இடம் அது. நகமெல்லாம் வெந்து போயிருக்கும். மகளை எப்படியோ பத்தாவது முடிக்க வைத்து, சர்ச் பக்கத்து இன்ஸ்டிட்யூட்டில் டைப்பிங் ஹையர் பாஸ் பண்ண வைத்தார். மேனேஜரிடம் நடையாய் நடந்து அந்த மாடி அறையில் நாற்காலி வாங்கிக் கொடுத்தார். அவர்கள் வீட்டில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள்தான். மதியம் அவர் சாப்பாட்டுத் தூக்குடன் முற்றத்தைக் கடக்கும்போது மாடி ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் போவார். அவள் கையை ஆட்டமாட்டாள், தலையை மட்டும் அசைப்பாள்.

வேலை இதுதான். தோல் லாட் லாட்டாக, தொகுதி தொகுதியாக நகரும். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு கார்டு. கீழேயிருந்து வரும்போதே கார்டு ஈரமாக, நீலக் கறையோடு, நாற்றத்தோடு வரும். ஏ.சி. அறையில் அந்த நாற்றம் தங்கிவிடுகிறது என்று, மிஷினில் போட்டு முடித்த கார்டை அப்போதே கிழித்து வெளியே டின்னில் போட்டுவிட வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம். டெஸ்டிங் ரூமிலிருந்தும் கார்டு வரும். ஏதாவது லாட் சோதனையில் தேறவில்லை என்றால் 'ஹோல்டு' என்று சிவப்பு இங்க்கில் எழுதி அனுப்புவார்கள். அதை மிஷினில் போட்டுவிட்டால், மறுநாள் காலை ஷெட்டுக்குப் போகும் லிஸ்டில் அந்த லாட் வராது. போடாவிட்டால் நல்ல தோல் என்று வந்துவிடும், வெட்டிவிடுவார்கள். மாடியில் இருந்த எங்களிடம் அவர்கள் கேட்டது அந்த லிஸ்ட் ஒன்றைத்தான்.

மிஷின் மந்தம். எட்டு டெர்மினலும் சேர்ந்து ஓடினால் ஒரு திரை மாற டீ குடித்துவிட்டு வரலாம். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வரப்போகிறார்கள், அவர்கள் எதிரில் மானம் போகக் கூடாது, ஸ்பீடு பண்ணுங்கள் என்றார் மேனேஜர். நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார். ஆனால் ஒரு விஷயத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருப்பார்.

தடிமனான மேனுவலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிஸ்க்கு மெதுவானது, மெமரி வேகமானது. அதனால் டிஸ்க்கில் இருப்பதில் கொஞ்சத்தை மெமரியிலேயே கையோடு வைத்திருக்கும் மிஷின். அதற்குப் பெயர் பஃபர் கேஷ். எத்தனை பஃபர் என்று ஒரு ஃபைலில் ஒரே ஒரு எண். இருநூறு என்று இருந்தது. எனக்கு மூளை குறுகுறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் ஆயிரத்து இருநூறு என்று மாற்றினேன். திங்களன்று மிஷின் முன்பைவிட மோசம். இருந்த மெமரியே இரண்டு மெகாபைட். பாதிக்கு மேல் பஃபருக்கே தூக்கிக் கொடுத்தால் டெர்மினலில் ஓடுகிற புரோகிராமுக்கு எங்கே இடம்? வீட்டுக்காரனைத் திண்டாட விட்டு விருந்தாளிக்குக் கட்டில் போட்ட கதை. எண்ணை எழுநூறாகக் குறைத்தேன். சரியாக உட்கார்ந்தது. திரை சட்டென்று மாறியது, மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், இதானே வேணும்" என்றார்.

அதோடு கையை எடுத்திருக்க வேண்டும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது அதற்குப் பிறகுதான்.

இன்னும் ஒரு குறை இருந்தது. நாம் டைப் அடித்துச் சேமித்ததை மிஷின் உடனே டிஸ்க்கில் எழுதுவதில்லை. பஃபரில் வைத்துக்கொண்டு, முப்பது வினாடிக்கு ஒருமுறை மொத்தமாகக் கொண்டுபோய் எழுதும். எழுதும்போது டிஸ்க்குப் பெட்டியில் அந்தச் சிவப்பு விளக்கு மினுக்கும். தபால் பெட்டி மாதிரி. கடிதத்தைப் போட்டவுடன் நாம் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம், தபால்காரர் வந்து எடுக்கிறவரை அது தெருவில்தான் இருக்கிறது. பஃபர் அதிகமானதால் மொத்தமாக எழுதும்போது எல்லாத் திரையும் இரண்டு மூன்று வினாடி உறைந்து நின்றது. பையர் எதிரில் நிற்கும்போது உறைந்தால்? பக்கத்து வரியிலேயே இன்னொரு எண் இருந்தது. முப்பது வினாடியை ஒரு மணி நேரமாக்கினேன். மேனுவலில் எச்சரிக்கை இருந்தது. படித்தேன். கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்க நமக்குத்தான் பேட்டரி இருக்கிறதே, நாம்தான் தினமும் முறையாக மூடுகிறோமே, மூடும்போது எல்லாம் எழுதப்பட்டுவிடுமே என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் விளக்கைப் பற்றிக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் டேனரியில் ஒரு வழக்கம். ஜும்மா தொழுகைக்காகப் பன்னிரண்டரைக்கு எல்லா டிரம்மும் நிற்கும். நின்ற கையோடு எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார். தொழுகை முடிந்து ஆள் திரும்புகிறவரை யாரும் எந்த டிரம்மையும் தவறிக்கூட ஓட்டக் கூடாது, அந்த நேரத்தில் பல்சக்கரங்களுக்கு எண்ணெய் போடுகிறவர் கை பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக. இரண்டேகாலுக்கு மறுபடி மேலே ஏற்றுவார். அதனால் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கெல்லாம் நான் மிஷினை மூடிவிடுவேன். மூடுவதற்கான பாஸ்வேர்டு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று நானே வைத்திருந்தேன். அது இருந்தால்தானே நான் கம்ப்யூட்டர் சார்.

அந்த வெள்ளிக்கிழமை என் அக்கா கைக்குழந்தையோடு காட்பாடியில் ரயிலிலிருந்து இறங்கினாள். மேனேஜரிடம் பர்மிஷன் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் யார் பார்க்கப்போகிறார்கள்? "பன்னெண்டுக்குள்ள வந்துடுவேன், பாத்துக்கோ" என்று டைப் அடிக்கும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். ரயில் இரண்டு மணி நேரம் லேட். அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறு பஸ் பிடித்தால் பள்ளிகொண்டா தாண்டி ஒரு லாரி குடைசாய்ந்து ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. டேனரிக்குள் நுழைந்தபோது மணி இரண்டரை.

மெயினை ஏற்றியிருந்தார்கள். மிஷின் தானாக எழுந்து, டிஸ்க்கைச் சோதித்துவிட்டு, திரையில் கேள்விமேல் கேள்வியாக வைத்துக்கொண்டு நின்றது. இந்த ஃபைல் சரியில்லை, சரிசெய்யட்டுமா? இது பொருந்தவில்லை, நீக்கட்டுமா? நான் இல்லாதது தெரிவதற்குள் மிஷின் ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று 'ஒய்', 'ஒய்', 'ஒய்' தட்டினேன். என்ன கேட்கிறது என்றுகூட முழுதாகப் படிக்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், எனக்கு அன்று அந்த மட்டும் இல்லை.

அவள் சாப்பிட்டுவிட்டு வந்தாள். "அந்த பேட்டரி பொட்டி கத்திச்சு சார். பத்து நிமிஷம் கத்திக் கத்தி ஓஞ்சிடுச்சி. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. ஆனா அதுக்குள்ள கார்டெல்லாம் போட்டுட்டேன். டெஸ்டிங்ல ஆறு ஹோல்டு கடைசியா குடுத்தாங்க, அதும் போட்டுட்டேன். சேவ்டுன்னு வந்திச்சி. காலைல போட்டதெல்லாம் இருக்குதா சார்?"

"எங்க போகும்?" என்றேன்.

இரண்டே சொல். இன்றும் அது காதில் விழுகிறது. ஒரு கேள்வி கேட்டுப் பார்த்திருந்தால், அந்த ஆறு லாட்டைத் திரையில் கூப்பிட்டுப் பார்த்திருந்தால், டின்னில் கிழிந்து கிடந்த கார்டைப் பொறுக்கியெடுத்து ஒட்டியாவது மறுபடி போட்டிருக்கலாம். டின் சாயங்காலம்தான் காலி ஆகும்.

மறுநாள் லிஸ்டில் ஆறு லாட்டும் நல்ல தோலாகப் போயின. ஷெட்டில் வெட்டினார்கள், தைத்தார்கள். மூன்று வாரம் கழித்து பையரின் இன்ஸ்பெக்டர் ஒரு மேல்பாகத்தை எடுத்துக் கட்டைவிரலை உள்ளே கொடுத்து இழுத்துப் பார்த்தார். மேல்தோல் பொருக்குப் பொருக்காக வெடித்தது. அடுத்ததை இழுத்தார், அதுவும். அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக் கட்டிய சரக்கு அத்தனையும் திரும்பவும் ஷெட்டுக்கே வந்தது.

டெஸ்டிங் ரூமில் ஒரு நோட்டு உண்டு. கார்டு கொடுத்தால் வாங்கினவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு ஹோல்டு கார்டுக்கும் அவள் கையெழுத்து இருந்தது. மிஷினில் ஒன்றுகூட இல்லை.

மேனேஜர் ரூமில் நாங்கள் நான்கு பேர். அவர், டெஸ்டிங் ரூம் ஆள், அவள், நான். அவள் அப்பாவைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்திருந்தார்கள். சுண்ணாம்பு வாசனை உள்ளே வந்தது.

"நான் போட்டேன் சார்" என்றாள் அவள். அழவில்லை. "ஆறும் போட்டேன். போட்டுட்டுதான் கிழிச்சேன். சாரைக் கேட்டேன், எங்க போகும்னு சாரே சொன்னாரு."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "இன்னா சார், மிஷின்ல போட்டது காணாமப் போகுமா?"

எனக்குத் தெரியும். அப்போது தெரியாது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன், பொய். நோட்டில் அந்த வெள்ளிக்கிழமை என்று பார்த்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. காலையில் மற்ற டெர்மினல் எல்லாம் காலி. பஃபர் நிறையவே இல்லை, அதனால் எழுத வேண்டிய அவசரமும் மிஷினுக்கு இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எழுது என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அவள் கடைசியாகப் போட்டதெல்லாம் மெமரியிலேயே உட்கார்ந்திருந்து, பேட்டரி ஓய்ந்தபோது கூடவே போய்விட்டது. பழைய முப்பது வினாடியாக இருந்திருந்தால், அந்தப் பெட்டி கத்தின பத்து நிமிடத்துக்குள் இருபது தடவை எழுதியிருக்கும். எழுதச் சொல்லும் கட்டளை நான்கே எழுத்து. அதற்குப் பாஸ்வேர்டுகூடத் தேவையில்லை. அவள் மெனுவில் ஒரு வரியாக வைத்துக் கொடுத்திருந்தால் அவளே தட்டியிருப்பாள்.

"போட்டா இருக்கும் சார்" என்றேன். "பொதுவா."

"நீங்க இருந்தீங்களா அன்னிக்கு?"

"இருந்தேன் சார். மூடிட்டுத்தான் போனேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பஸ் ஏறிப் போனது அவளுக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்தாளா, சொன்னாலும் யார் நம்புவார்கள் என்று நினைத்தாளா, எனக்குத் தெரியாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று எங்கள் அம்மா சொல்வாள். அன்று இரண்டும் அந்த ஒரு அறைக்குள்ளேயே, இரண்டு அடி தள்ளித்தள்ளி நின்றன.

மேனேஜர் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. "அப்பா பழைய ஆளு, அதுக்காக விடறேன்" என்று டிரிம்மிங் செக்‌ஷனுக்கு மாற்றினார். தோலின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவும் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். மாடி நாற்காலிக்கு வேறு ஒருத்தி வந்தாள். கதவுக்கு வெளியே அவள் அப்பா மகளை என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பொய் வேற சொல்றியா?" என்று மட்டும் சொன்னார். முன்னால் நடந்து போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் போய் இரண்டு எண்ணையும் பழையபடி மாற்றினேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, வாயைத் திறக்காமல் செய்து முடித்தேன். மிஷின் மறுபடி மந்தமானது. "இன்னா சார், மறுபடியும் ஸ்லோ?" என்றார் மேனேஜர். "லோடு கொஞ்சம் ஜாஸ்தி சார்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் டிரிம்மிங் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒருநாள் காலை கேபிள் பார்க்கக் கீழே போக வேண்டியதாயிற்று. அவள் மேஜை ஓரத்தில் நின்று சீவிக்கொண்டிருந்தாள். இடது கை விரலில் துணி சுற்றியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடலாம் என்று பார்த்தேன்.

"சார்" என்றாள். "அந்த செவப்பு லைட்டு இப்ப சிமிட்டுதா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "சிமிட்டுது" என்றேன்.

"அரை நிமிஷத்துக்கு ஒருவாட்டி?"

"ஆமா."

கத்தியைக் கீழே வைத்தாள். "அப்பன்னா கோளாறு மிஷின்லதான். நான் போட்டேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். "ராவும் பகலும் இதே நெனப்பு சார். ஒருவேள நான்தான் போடாம கிழிச்சிட்டனா, போட்ட மாதிரி நெனச்சிக்கினனான்னு. எனக்கே என்மேல சந்தேகம் வந்திடுச்சி." விரலில் தளர்ந்த துணியை இறுக்கிச் சுற்றினாள். "மேனேஜர்கிட்ட நீங்க சொல்லமாட்டீங்க, தெரியும். எங்கப்பாகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க சார். அவரு என்கூடப் பேசி ரெண்டு மாசம் ஆவுது."

உடனே போனேன். அதை ஒத்திப் போட்டிருந்தால் செய்திருக்கவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். சுண்ணாம்புக் குழிக்குள் முட்டிவரை நின்று, கொக்கிக் கம்பால் தோலைப் புரட்டிக்கொண்டிருந்தார். குழி விளிம்பில் நின்று சொன்னேன். எண்ணை மாற்றியது, காட்பாடி போனது, விளக்கு, எல்லாம். பஃபர், மெமரி என்றெல்லாம் சொல்லவில்லை. "உங்க பொண்ணு போட்டுது. மிஷின் அதைத் தொலைச்சது என்னாலதான்" என்றேன்.

அவர் கம்பை ஊன்றிக்கொண்டு முழுதும் கேட்டார்.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"இல்ல."

"அப்ப எனக்கு இன்னாத்துக்கு சார் சொல்றீங்க?" என்றார். கோபமாகக்கூட இல்லை. "எம் பொண்ணு பொய் சொல்லமாட்டா. அது எனக்கு உள்ளுக்குள்ள அன்னிக்கே தெரியும். அப்பிடியும் உங்க பேச்சக் கேட்டு அவ மூஞ்சிக்கு நேரா பொய்க்காரின்னு சொல்லிட்டேன், அதுலருந்து அவ மூஞ்சியப் பாக்க முடியல." குனிந்து தோலைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் மாடிப்படி ஏறினேன். கம்ப்யூட்டர் ரூமைத் தாண்டி நேராக மேனேஜர் ரூம். கதவு திறந்துதான் இருந்தது. செருப்பைக் கழற்றினேன், அங்கே கழற்ற வேண்டியதில்லை என்பதுகூட மறந்துவிட்டது. அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, சிரித்து, உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார்.

"வாங்க சார். இன்னா, மிஷின் இன்னும் ஸ்லோதானா?"

அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஆமா சார்" என்றேன். "லோடு கொஞ்சம் ஜாஸ்தி."